காப்பார்க் கிருமியும் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையும்

சுபாங் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று, என் மாமியார் கட்டிக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய். மற்றொன்று, எந்த மருந்துக்கும் அசராத கிருமிகள் அடைத்த கண்ணாடிக் குழாய்கள். குழாய்களுக்கு அனுமதிக் கடிதம் இருந்தது, ஊறுகாய்க்கு இல்லை. அதிகாரி ஊறுகாயைத் திறந்து முகர்ந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் மலாயில் ஏதோ சொன்னார். சாமான் வண்டி தள்ளிக்கொண்டிருந்த தமிழர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இந்த மாதிரி சாமான உள்ள விட்டா ஊருக்கே சீக்கு வந்துடும்னு சொல்றாரு லா."

ஊறுகாய் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. கிருமிகள் என்னோடு மலேசியாவுக்குள் வந்தன.

நான் மதுரைக்காரி. படித்தது கிருமிகளைப் பற்றி, வைத்தியம் அல்ல. இந்த வித்தியாசத்தை அந்தப் பயணம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எண்பதுகளின் பிற்பகுதி அது. மதுரையில் ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் மருந்துக்கு மசியாத கிருமிகளை நாங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தோம். அது ஆஸ்பத்திரிச் சுவருக்குள் இருக்கிற தொல்லை என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். வீட்டில் இருந்தபடி பக்கத்துக் கிளினிக்குக்குப் போய்வரும் சாதாரண மக்களிடமும் அது இருக்கிறதா, இருந்தால் ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவுகிறதா என்று பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வகத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கற்றுக்கொண்டு வா என்று என்னை அனுப்பியிருந்தார்கள்.

ஆய்வகத்தின் தலைவி டாக்டர் தவமணி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். பாட்டனார் காலத்தில் ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர்களாம். மற்ற எல்லாவற்றுக்கும் ஆங்கிலம், திட்டுவதற்கு மட்டும் தமிழ் என்று வைத்திருந்தார். முதல் நாளே என்னிடம் தமிழில்தான் பேசினார்.

"உங்கட கிருமியள் ஆஸ்பத்திரியில பிறந்து வளர்ந்ததுகள். எனக்கு வேண்டியது வீட்டுக் கிருமி. பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான், காப்பார் மூண்டு இடத்துக் கிளினிக்கும் உங்கட பொறுப்பு. ஐஸ் பெட்டியைத் தூக்கத் தெரியுமோ?"

தெரியும் என்றேன். பதினைந்து வருடப் படிப்புக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் வேலை அது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தேன். காலையில் மோட்டாரில் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். பின்னால் கட்டிய பெட்டியில் இடியாப்பம். அங்கே அதற்குப் பெயர் புட்டு மாயம். தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் தூவித் தாளில் மடித்துக் கொடுப்பார். மதுரையில் இடியாப்பத்துக்காக நாம் கடைக்குப் போகவேண்டும், இங்கே இடியாப்பம் நம்மைத் தேடி வருகிறது. இந்த ஒரு விஷயத்தில் மலேசியா முன்னேறிய நாடு என்று வீட்டுக்கு எழுதிப் போட்டேன். "பசியாறிட்டீங்களா?" என்று தெருவில் எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள். காலை உணவு ஆயிற்றா என்று அர்த்தம். ஆயிற்று என்றாலும் விடமாட்டார்கள்.

போக்குவரத்துக்குச் சிற்றுந்து. இளஞ்சிவப்பு நிறம். பஸ் மினி என்று பெயர். சின்ன வண்டி என்பதை யாரும் அதன் ஓட்டுநருக்குச் சொல்லவில்லை. நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு, "உள்ளே போ, உள்ளே போ, இடம் இருக்கு" என்று மலாயில் கத்துவார். இடம் இருக்காது. ஒரு நாள் ஐஸ் பெட்டியை மடியில் வைத்து நசுங்கி உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த சீன அம்மாள் பெட்டியைத் தட்டி, ஐஸ்கிரீமா, என்ன சுவை என்று கேட்டார். உள்ளே பிரிக்ஃபீல்ட்ஸ் நோயாளிகளின் சிறுநீர்ப் புட்டிகள் இருந்தன. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்துகளைக் காட்டிப் பார்ப்போம். சாகாவிட்டால், அதைச் சாதுவான ஓர் ஆய்வகக் கிருமியோடு ஓர் இரவு சேர்த்து விட்டுவைப்போம். சாதுக் கிருமி அதற்கு முன்னால் மருந்து பட்டால் பொட்டென்று போய்விடும். காலையில் பார்த்தால் அதுவும் அசையாமல் நிற்கும். மருந்தைத் தாக்குப்பிடிக்கும் மரபணுவை நோயாளியின் கிருமி படியெடுத்து அதற்குக் கொடுத்திருக்கும். சொந்தமும் இல்லை, ஒரே இனமாகவும் இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்புகிற மாதிரி கொடுத்துவிடும். தன்னிடம் குறையவும் குறையாது.

கிள்ளானில் டாக்டர் லிம்மின் கிளினிக். சீனர். தோட்டத் தொழிலாளிகளிடம் பழகிக் கற்ற தமிழ் அவருடையது. "காச்சல் இருக்கா? சோறு போவுதா? நாக்கு நீட்டு" என்ற மூன்று வாக்கியங்களிலேயே முக்கால்வாசி நோயைப் பிடித்துவிடுவார். ஒரு நாள் என்னை உட்காரவைத்து ஒரு கோப்பைத் தேநீர் வரவழைத்தார். தேநீர் வந்தால் விஷயம் பெரிது என்று தெரிந்துகொண்டேன்.

காப்பாரிலிருந்து வரும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். பெயர் சரோஜா. ஏழு மாதக் கர்ப்பிணி. குளிர்க்காய்ச்சல், இடுப்பில் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். எல்லாம் சிறுநீரகத்தில் கிருமி என்றுதான் சொல்கின்றன. வழக்கமான கேப்சூலுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. ஆனால் அவள் கொடுத்த சிறுநீரில் எங்கள் ஆய்வகம் ஒன்றுமே வளரவில்லை என்று எழுதி அனுப்பியிருந்தது, இரண்டு முறையும்.

"போன தடவையும் ஏழாவது மாதத்தில் இதே காய்ச்சல்தான். குழந்தை தங்கவில்லை" என்றார் ஆங்கிலத்தில். "எந்தக் கிருமி என்று தெரியாமல் நான் எந்த ஊசியைப் போட? உன் தட்டு பொய் சொல்கிறதா, அவள் உடம்பு பொய் சொல்கிறதா, போய்ப் பார்."

அந்தத் தட்டுகளை ஊற்றியது நான்தான். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாளே காப்பாருக்குப் பஸ் ஏறினேன். இரு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை, அதற்கு மேலே மின்நிலையத்தின் புகைபோக்கி, அப்புறம் மறுபடி செம்பனை. பஸ் நிற்கும் இடத்தில் சரோஜாவின் கணவர் முனியாண்டி மோட்டாரோடு நின்றார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். "ஏறுங்க மிஸ், காடி மாதிரி கொண்டு போறேன்" என்றார். காடி என்று அவர் சொன்னது காரை. மண்சாலையில் நானும் ஐஸ் பெட்டியும் பல தடவை ஆகாயத்தைப் பார்த்தோம். ஒரு பள்ளத்தில் பெட்டி விழுந்து, ஐஸ் எல்லாம் வாத்துக் கூட்டத்துக்கு நடுவே சிதறியது. வாத்துகளுக்கு அது பிடித்திருந்தது.

தகரக் கூரை போட்ட பலகை வீடு. வாசலிலேயே முனியாண்டியின் அம்மா பாக்கியம் ஆன்டி காத்திருந்தார். பெரிய ஆகிருதியும் பெரிய குரலும் கொண்டவர். நான் கிருமி படித்தவள், டாக்டர் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள், "உக்காருங்க டாக்டரம்மா, தண்ணி கலக்கிட்டேன்" என்றார். அங்கே தண்ணி என்றால் பால்விட்ட தேநீர். கூடவே உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கரிபாப், வாழைப்பழ பஜ்ஜி, நெத்திலி போட்ட தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக். சரோஜா கதவோரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் மாமியார்தான் பதில் சொன்னார். எங்கே வலிக்கிறது என்று நேராக அவளிடமே கேட்டேன். "அவ்வளவா இல்லீங்க" என்றாள். சொல்லும்போதே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சிறுநீர்ப் புட்டியை எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பாக்கியம் ஆன்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

"மத்தவங்க மாதிரி அப்படியே குடுப்போமா நாங்க? மேல்நாட்டு படிப்பு படிச்சவங்க கையில போற சாமான். டாக்டர் குடுத்த போத்தல நல்லா கழுவி, தரைக்கு ஊத்துற கிருமி மருந்த ஊத்தி குலுக்கி வெச்சேன். கொஞ்சம் உள்ளயே விட்டுட்டேன், நாத்தம் வரக் கூடாதுன்னு. பூ மாதிரி இருக்கணும் டாக்டரம்மா."

கையில் பாதி கரிபாப்போடு உட்கார்ந்திருந்தேன். தட்டு பொய் சொல்லவில்லை. எங்கள் மேலிருந்த மரியாதையில் கிருமிகளை எல்லாம் வழியிலேயே கொன்று, சுத்தமாக அனுப்பியிருந்தார்கள். ஆய்வகத்துக்கு இப்படி ஒரு மரியாதை நடக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எச்சரிக்கை இல்லை. கோபப்படவும் முடியவில்லை. அவர் இன்னொரு கரிபாப் வைத்தார்.

புதுப் புட்டி கொடுத்து, அது அழுக்காக இருந்தால்தான் எனக்குப் பெருமை என்று கெஞ்சி, நேரே வாங்கிக்கொண்டு வந்தேன். முனியாண்டி அக்கம்பக்கத்தில் ஐஸ்கட்டி இரவல் வாங்கிப் பெட்டியை நிரப்பினார்.

மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி. தட்டில் வைத்த மருந்து வில்லைகளைச் சுற்றி வெற்றிடம் விழுந்தால் கிருமி சாகிறது என்று அர்த்தம். சரோஜாவின் தட்டில் வழக்கமான மருந்து எதைச் சுற்றியும் வெற்றிடம் இல்லை. வில்லைக்கு மேலேயே ஏறி வளர்ந்திருந்தது. சாதுக் கிருமியோடு சேர்த்து வைத்தேன். அடுத்த காலையில் சாதுவும் ஏறி நின்றது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள்கூடத் தங்காத பெண்ணின் உடம்பில், கைமாறக்கூடிய அதே சொத்து. இதைத் தேடித்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். கிடைத்தபோது சந்தோஷமாக இல்லை.

டாக்டர் தவமணி தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பாவம் பிள்ளை" என்றார். திட்டாமல் அவர் பேசிய தமிழ் அது ஒன்றுதான்.

இரண்டு மருந்துக்கு மட்டும் கிருமி மசிந்தது. ஒன்று ஊசி, இன்னொன்று புதிதாக வந்திருந்த ஒரு கேப்சூல். சரோஜாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்குப் போனபின் கேப்சூலை முழுக்க முடிக்கவேண்டும், நடுவில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி திரும்ப எழும் என்று டாக்டர் லிம் மூன்று மொழியில் சொன்னார். அந்தக் கேப்சூல் அவரிடம் ஒரு பாக்கெட்தான் இருந்தது. அடுத்த பெட்டி சிங்கப்பூரிலிருந்து அடுத்த வாரம் வரவேண்டும்.

வீட்டில் கொண்டுபோய் விடுவதற்கு நானும் போனேன். பாக்கெட்டைப் பாக்கியம் ஆன்டி கையில் வைத்து, "இது போனா வேற மருந்து கைவசம் இல்ல ஆன்டி. பத்திரமான எடத்துல வைங்க" என்றேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். எவ்வளவு பொறுப்பான மனுஷி என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்ப ஒரு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை விடைபெறப் போனேன். வீட்டு வாசல் முழுக்கச் செருப்பு. மருமகள் பிழைத்து வந்ததற்காகப் பாக்கியம் ஆன்டி அம்மனுக்குப் பூசை வைத்திருந்தார். கம்பம் என்று அங்கே சொல்லும் அந்தக் கிராமத்துச் சனம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, சரோஜா ஒரு ஓரமாகச் சுவரில் சாய்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"டாக்டரம்மா, சரியான நேரத்துக்கு வந்தீங்க. கைய நீட்டுங்க."

பிரசாதத் தட்டோடு பாக்கியம் ஆன்டி எதிரே நின்றார். பழக்கம்தானே, வலது கையை நீட்டி இடது கையைக் கீழே கொடுத்தேன். உள்ளங்கையில் ஒரு வாழைப்பழம் விழுந்தது. அதன் பக்கத்தில் பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு கேப்சூல்.

வரிசையைப் பார்த்தேன். எல்லார் உள்ளங்கையிலும் ஒன்று.

"ஆன்டி, இது சரோஜா மாத்திர."

"ஆமா. நீங்கதானே பத்திரமான எடத்துல வைக்க சொன்னீங்க? அம்மா காலடிய விட பத்திரமான எடம் ஏது? அங்கதான் வெச்சிருந்தேன். தெனம் துன்னூறோட எடுத்துக் குடுத்தேன். இன்னிக்கு சூடம் காட்டியாச்சு. அம்மா முன்னால வெச்சத நாங்க மட்டும் எப்படி வெச்சு திங்கறது? பகுந்து குடுத்தாதானே பலன்." அப்புறம் எனக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று சேர்த்துக்கொண்டார்: "சரோஜாவுக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன்."

ஆய்வகத்தில் ஒரு கிருமியை மருந்துக்குப் பழக்கவேண்டுமென்றால் நாங்கள் செய்வது இதைத்தான். கொல்லாத அளவுக்குக் கொஞ்சமாக மருந்து காட்டி, எது பிழைக்கிறது என்று பார்ப்போம். காப்பாரில் ஒரு கம்பமே அதைச் செய்துகொண்டிருந்தது, நெற்றியில் குங்குமத்தோடு.

நான் எழுந்து நின்று சொன்னேன். ஒருவர் ஒன்று சாப்பிட்டால் யாருக்கும் பலன் இல்லை, கெடுதல்தான். சரோஜாவுக்கு மிச்சம் இல்லாவிட்டால் காய்ச்சல் திரும்பும். போன தடவை நடந்தது மறுபடி நடக்கும். தயவுசெய்து எல்லாரும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "பிரசாதத்த திருப்பிக் கேக்கறாங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார். ஆமாம் என்று தெரிந்ததும் உள்ளங்கையை மூடிக்கொண்டார். வரிசையில் ஒவ்வொரு கையாக மூடியது. அவசரப்பட்ட இரண்டு பேர் அதற்குள் விழுங்கியே விட்டார்கள்.

"ஆன்டி, நீங்களாவது சொல்லுங்க."

பாக்கியம் ஆன்டியின் முகத்தில் அதுவரை நான் பார்த்த உபசாரம் எதுவும் இல்லை. "அம்மா குடுத்தத திருப்பி வாங்கி, நாளைக்கு புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? யாரு பதில் சொல்றது? நீங்க நாளைக்கு ஏரோப்ளேன் ஏறிடுவீங்க." அவர் பயந்ததும் அதே குழந்தைக்காகத்தான். எனக்குக் கோபத்தில் கண்ணீர் வந்துவிட்டது. அழுவது மட்டும்தான் பாக்கி என்று அதையும் அங்கே செய்தேன்.

சரோஜா சுவரைப் பிடித்து எழுந்தாள். மெதுவாக நடந்து வரிசையின் முனைக்குப் போனாள். பட்டுச்சேலையின் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரியவர் முன்னால் நின்றாள்.

"மாமா, எம் புள்ளைக்கு மடிப்பிச்ச போடுங்க."

அவள் குரல் இவ்வளவு பெரியது என்று அதுவரை எனக்குத் தெரியாது. பாக்கியம் ஆன்டிக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அம்மன் பெயரில் பிள்ளைக்காக மடியேந்துகிறவளுக்கு இல்லை என்று சொல்ல, அங்கே மட்டும் அல்ல, மதுரையிலும் ஆள் கிடையாது. பெரியவர் மாமியாரைப் பார்த்தார், அம்மன் படத்தைப் பார்த்தார். கையைத் திறந்து கேப்சூலை முந்தானையில் போட்டார். திருப்பிக் கொடுத்த மாதிரியும் இல்லை, இல்லையென்று சொன்ன மாதிரியும் இல்லை. அடுத்தவர் போட்டார். அதற்கடுத்தவர் போட்டார். ஒவ்வொருவரிடமும் அவள் அதே வார்த்தைகளைச் சொன்னாள், சத்தம் குறையாமல். விழுங்கிவிட்ட இரண்டு பேரும் சங்கடப்பட்டுக்கொண்டு தங்கள் வாழைப்பழத்தைப் போட்டார்கள். என் முன்னாலும் வந்து நின்றாள். நானும் போட்டேன். அந்தக் கைகளில் என்னென்ன கிருமிகள் இருந்தன என்பதைப் பற்றி அன்று நான் யோசிக்கவில்லை.

எண்ணிப் பார்த்தேன். சிங்கப்பூர்ப் பெட்டி வருகிறவரைக்கும் போதும்.

பாக்கியம் ஆன்டி உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். சரோஜா ஒரு கேப்சூலை எடுத்து எல்லார் முன்னாலும் விழுங்கினாள். மாமியார் பழக்கத்தில் மற்றவற்றை வாங்கக் கையை நீட்டினார். சரோஜா கொடுக்கவில்லை. முந்தானையின் நுனியில் போட்டு, இறுக்கி முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.